தாய் சொல்லாத ஆபத்தைச் சேய் வீசலாமா? எக்ஸெப்ஷன் விதிகள், தூத்துக்குடிக் கரையிலிருந்து

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். கோடு எதுவும் திரையில் வேண்டாம், காதால் கேட்டாலே புரியும்படி பேசியது.)

ஜாவா இன்டர்வியூவுக்குத் தயாராகிற எல்லாரும் மனப்பாடம் செய்கிற இரண்டு விதிகள் இருக்கு.

முதல் விதி: தாய் கிளாஸில் இருக்கிற மெத்தடைச் சேய் கிளாஸ் ஓவர்ரைடு செய்யும்போது, தாய் அறிவிக்காத புதிய செக்டு எக்ஸெப்ஷனை வீசக் கூடாது. குறைக்கலாம், கூட்டக் கூடாது.

இரண்டாவது விதி: கன்ஸ்ட்ரக்டர் என்றால் கதை தலைகீழ். தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஒரு செக்டு எக்ஸெப்ஷனை வீசினால், சேயின் கன்ஸ்ட்ரக்டரும் அதை அறிவித்தே ஆகணும். கூட்டலாம், குறைக்க முடியாது.

ஒரே மொழி, ஒரே இன்ஹெரிட்டன்ஸ், ஆனால் எதிரெதிரான இரண்டு விதிகள். மனப்பாடம் செய்தவர்கள் இன்டர்வியூ பதற்றத்தில் ரெண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். உண்மையில் ரெண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கேள்விதான்: கூப்பிடுகிற ஆளுக்கு என்ன தெரியும்? இதைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடமே வேண்டாம். இன்றைக்கு இதைத் தூத்துக்குடியில் வைத்துப் பார்ப்போம். முத்துக்குளிப்பு, துறைமுகம், ராக்கெட் தளம் மூன்றும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கின்றன.

கயிற்றின் மறுமுனையில் ஒருவர்

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளைகிற கடலடிப் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்தக் காலத்து முறை இதுதான்: குளிப்பவர் ஒரு கனமான கல்லின் துணையோடு கீழே இறங்குவார். சிப்பி சேர்க்க ஒரு பை. படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். மூச்சு தீரும் நேரத்தில் கீழிருந்து கயிறு இழுபடும். உடனே மேலே இருப்பவர் தூக்கிவிடுவார்.

அந்த இழுப்பை ஒரு எக்ஸெப்ஷனாக நினைத்துப் பாருங்க. "இனி வேலை தொடராது, இப்போது நீங்க பொறுப்பேற்கணும்" என்று கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குச் சொல்கிற செய்தி. இது வேலை செய்வதற்குக் காரணம், இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு முனைகளிலும் தெரியும் என்பதுதான்.

புதிதாக வந்த ஒருவர், "நான் இழுக்க மாட்டேன், கயிற்றை மூன்று முறை ஆட்டுவேன், அதுதான் என் ஆபத்து சைகை" என்று தனக்குள் முடிவு செய்துகொண்டு இறங்கினால்? அவர் திறமைசாலியாக இருக்கலாம். ஆனால் மேலே இருப்பவர் அந்த ஆட்டத்தை அலை என்று நினைப்பார். முதல் விதி தடுக்க நினைப்பது இதைத்தான்.

ரீஃபர் கன்டெய்னரும் மின்தடையும்

இப்போது துறைமுகத்துக்கு வருவோம். வ.உ.சிதம்பரனார் துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. சாதாரண கன்டெய்னர்களோடு, இறால், மீன் போன்றவை போகிற குளிர்பதன கன்டெய்னர்களும் அங்கே கையாளப்படுகின்றன. துறைமுக வட்டாரத்தில் அதை ரீஃபர் என்பார்கள். ரீஃபர் எங்கே நின்றாலும் அதற்கு மின் இணைப்பு வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கிற சரக்கு கெட்டுப்போகும்.

ஒரு கற்பனை மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 'கன்டெய்னர்' என்று ஒரு தாய் கிளாஸ். அதில் 'இறக்கு' என்று ஒரு மெத்தட். அதன் தலைப்பிலேயே, "இது இறக்கல் எக்ஸெப்ஷனை வீசலாம்" என்று த்ரோஸ் போட்டு எழுதியிருக்கு. கிரேன் பக்கத்து புரோகிராம், கப்பலில் இருக்கிற எல்லாப் பெட்டிகளையும் 'கன்டெய்னர்' என்ற வகையாகவே பார்த்து, ஒவ்வொன்றாக 'இறக்கு' என்று கூப்பிடும். இறக்கல் எக்ஸெப்ஷன் வந்தால் என்ன செய்யணும் என்பதற்குக் கேட்ச் எழுதியாச்சு. கம்பைலரும் "சரி, அறிவித்த எல்லா ஆபத்துக்கும் பதில் இருக்கு" என்று விட்டுவிட்டது.

ஆறு மாதம் கழித்து இன்னொரு டீம் 'ரீஃபர்' என்று ஒரு சேய் கிளாஸ் எழுதுகிறது. இறக்கும்போது மின்சாரம் இல்லையென்றால் 'மின்தடை எக்ஸெப்ஷன்' என்று ஒரு புதிய செக்டு எக்ஸெப்ஷனை வீச ஆசைப்படுகிறது. ஜாவா அனுமதித்தால் என்ன ஆகும்? கிரேன் புரோகிராமுக்குத் தன் முன்னால் இருப்பது ரீஃபர் என்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் 'கன்டெய்னர்' என்ற வாக்குறுதி மட்டும். அந்த வாக்குறுதியில் மின்தடை என்ற வார்த்தையே இல்லை. யாரும் பிடிக்காத எக்ஸெப்ஷன் நேராக மேலே போய் முழு வேலையையும் நிறுத்திவிடும்.

அதனால்தான் கம்பைலர் மறுக்கிறது. அது அனுமதிப்பவை மூன்று:

ஒன்று, தாய் சொன்ன அதே எக்ஸெப்ஷன்.

இரண்டு, அதைவிடக் குறுகியது. மின்தடை எக்ஸெப்ஷனை இறக்கல் எக்ஸெப்ஷனின் சேயாக எழுதினால் பிரச்சினை இல்லை, ஏற்கெனவே இருக்கிற கேட்ச் அதையும் பிடித்துக்கொள்ளும்.

மூன்று, எதுவுமே வீசாமல் இருப்பது. ஆபத்தைக் குறைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இதிலிருந்தே இன்னொரு துணை விதியும் தானாக வந்துவிடும். ஒரு கிளாஸ் இரண்டு இன்டர்ஃபேஸ்களைப் பின்பற்றுகிறது, இரண்டிலும் ஒரே மெத்தட் இருக்கு, ஆனால் வேறு வேறு எக்ஸெப்ஷன்கள் அறிவிக்கப்பட்டிருக்கு என்று வையுங்க. அந்த கிளாஸ் எதை வீசலாம்? இரண்டு பட்டியலுக்கும் பொதுவானதை மட்டும்தான். இரண்டு பக்கமும் காத்திருக்கிறவர்கள் வேறு வேறு ஆட்கள், இருவருக்கும் புரிகிற சைகையைத்தான் தர முடியும்.

இது ஜாவாவோட பிடிவாதம் மட்டும் கிடையாது. பார்பரா லிஸ்கோவும் ஜெனட் விங்கும் 1994-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, துணை வகை என்பதற்கான நிபந்தனைகளில் இதையும் ஒன்றாக வைத்தது: தாய் வகையின் மெத்தட் தராத எக்ஸெப்ஷனைச் சேய் வகை தரக் கூடாது. பைத்தான், சி ஷார்ப், காட்லின் மூன்றிலும் செக்டு எக்ஸெப்ஷன் கிடையாது. அங்கே கம்பைலர் தடுக்காது. ஆனால் கயிற்றின் மறுமுனையில் ஆள் இருப்பது மாறாது. விதியை நினைவில் வைக்கிற வேலை கம்பைலரிடமிருந்து உங்களுக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நிஜமாகவே புது ஆபத்து இருந்தால்?

"சரிங்க, ஆனா மின்தடை உண்மையாகவே நடக்குமே, நான் என்ன பண்றது?" நல்ல கேள்வி. கம்பைலர் திட்டினால் பலரும் செய்கிற இரண்டு காரியங்கள் இருக்கு. இரண்டுமே ஆபத்து.

முதலாவது, காலியான கேட்ச். மின்தடையைப் பிடித்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவது. கம்பைலர் வாயை மூடிவிடும். பெட்டி இறங்கியதாகத் திரையில் காட்டும். உள்ளே இறால் கெட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவது, யோசிக்காமல் ரன்டைம் எக்ஸெப்ஷனாக மாற்றிவிடுவது. ரன்டைம் எக்ஸெப்ஷன்களுக்கு இந்த விதி பொருந்தாது, யார் வேண்டுமானாலும் வீசலாம். கம்பைலரை ஏமாற்றியாச்சு, ஆனால் கிரேன் புரோகிராமுக்கு இப்போதும் ஒன்றும் தெரியாது.

நேர்மையான வழிகள் மூன்று. தாய்க்குத் தெரிந்த எக்ஸெப்ஷனுக்குள் உங்கள் எக்ஸெப்ஷனைக் காரணமாக வைத்து அனுப்பலாம். அதாவது "இறக்கல் நடக்கவில்லை, காரணம் மின்தடை". அல்லது தாய் கிளாஸின் ஒப்பந்தத்தையே எல்லாருக்கும் தெரிய மாற்றலாம். கூப்பிடுகிறவர்கள் அனைவரும் தங்கள் கோடைத் திருத்த வேண்டிவரும், அந்தச் செலவு நியாயமானதுதான். மூன்றாவது, கொஞ்சம் கசப்பான உண்மை: ரீஃபர் அந்தத் தாயின் சேயாக இருக்கத் தகுதியானதுதானா என்று கேட்பது. கன்டெய்னரை உள்ளே வைத்துக்கொண்டு தனி கிளாஸாக எழுதினால் ஒருவேளை எல்லாமே எளிதாகலாம்.

கன்ஸ்ட்ரக்டரில் ஏன் தலைகீழ்?

இப்போது இரண்டாவது விதிக்கு வருவோம். அதே கேள்வியைக் கேளுங்க: கூப்பிடுகிறவருக்கு என்ன தெரியும்?

மெத்தடைக் கூப்பிடும்போது எதிரே இருப்பது எந்தச் சேய் என்று தெரியாது. ஆனால் 'புதிய ரீஃபர்' என்று எழுதும்போது, நாம் உருவாக்குவது ரீஃபர்தான் என்று நமக்கு நூறு சதவீதம் தெரியும். பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். தாயின் வாக்குறுதியை நம்பி ஏமாற அங்கே யாரும் இல்லை. கன்ஸ்ட்ரக்டர் இன்ஹெரிட் ஆவதும் இல்லை, ஓவர்ரைடு ஆவதும் இல்லை. ஆகவே புதிய எக்ஸெப்ஷன்களைக் கூட்டத் தடை இல்லை.

சரி, ஏன் குறைக்க முடியாது? ஏனென்றால் சேய் பிறக்கும் முன்னால் தாய்ப் பகுதி பிறந்தாகணும். சூப்பர் என்று நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும். அது எக்ஸெப்ஷன் வீசினால் சேயால் நடுவில் நின்று பிடிக்க முடியாது. சூப்பர் அழைப்பை ட்ரை பிளாக்குக்குள் வைக்க ஜாவா விடாது. நீண்ட காலம், சூப்பர்தான் முதல் வரியாக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2025-ல் வந்த ஜாவா 25, அதற்கு முன்னால் சில வரிகள் எழுத அனுமதிக்கிறது. ஆனால் அதை ட்ரைக்குள் வைக்கும் உரிமையை இப்போதும் தரவில்லை.

இந்தக் கண்டிப்பு எதற்கு? பிடிக்க விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்க. அடிப்பாகம் கட்டும்போதே உடைந்துபோன படகு. அதைப் பிடித்து அமுக்கிவிட்டு, மேல்தளம் கட்டி, பெயின்ட் அடித்து, "படகு தயார்" என்று கொடுப்பது மாதிரி. வெளியே பார்க்க முழு ஆப்ஜெக்ட், உள்ளே தாய்ப் பகுதி பாதி. அப்படி ஒன்று கடலுக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான், தாய் தோற்றால் சேயும் தோற்றாக வேண்டும். சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் தாயின் கன்ஸ்ட்ரக்டர் தோல்வியைப் பிடிக்க ஒரு தனி வடிவம் உண்டு. அங்கேயும் பிடித்து முடித்ததும் எக்ஸெப்ஷன் தானாகவே மறுபடி வீசப்படும். இரண்டு மொழிகளும் வேறு வழியில் போய் ஒரே இடத்தில் நிற்கின்றன.

இதில் ஒரு சின்னப் பொறி இருக்கு. தாயின் கன்ஸ்ட்ரக்டர் செக்டு எக்ஸெப்ஷன் வீசுகிறது. சேயில் நீங்கள் கன்ஸ்ட்ரக்டரே எழுதவில்லை. ஆனாலும் கம்பைல் ஆகாது! ஏனென்றால் கம்பைலர் உங்களுக்காக எழுதித் தரும் கன்ஸ்ட்ரக்டரில் த்ரோஸ் இருக்காது. எழுதாத வரியில் பிழை காட்டுகிறதே என்று குழம்புகிற இடம் இது.

பாதியில் நின்ற பிறப்பு

கன்ஸ்ட்ரக்டர் எக்ஸெப்ஷன் வீசினால், கூப்பிட்டவர் கைக்கு ஆப்ஜெக்ட் வராது. அது நல்லது. ஆனால் பாதி வழியில் திறந்த ஃபைலும் டேட்டாபேஸ் இணைப்பும் யார் பொறுப்பு? கையில் ஆப்ஜெக்டே இல்லாதவரால் எதை மூட முடியும்? ட்ரை வித் ரிசோர்சஸ் இருக்கே என்பீர்கள். கன்ஸ்ட்ரக்டரே தோற்றால் அந்த ஆப்ஜெக்டின் க்ளோஸ் மெத்தட் கூப்பிடப்படாது. ஆகவே கன்ஸ்ட்ரக்டருக்குள் திறந்ததை, தோற்கும் முன் கன்ஸ்ட்ரக்டரே மூடிவிட்டுப் போகணும். சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் முழுதாகக் கட்டி முடிந்த உறுப்புகளும் தாய்ப் பகுதியும் தானாக அழிக்கப்படும். ஆனால் கட்டி முடியாத ஆப்ஜெக்டின் சொந்த டிஸ்ட்ரக்டர் ஓடாது.

இன்னொரு தவறு: கன்ஸ்ட்ரக்டர் முடியும் முன்னாலேயே தன்னை ஒரு பொதுப் பட்டியலில் பதிவு செய்வது. பதிவு செய்த அடுத்த வரியில் எக்ஸெப்ஷன் வந்தால், பிறக்காத ஒரு ரீஃபர் யார்டு பட்டியலில் பேயாக நிற்கும்.

தீர்வுக்குப் பழைய முத்துக்குளிப்பிலேயே ஒரு பாடம் இருக்கு. முத்துக்குளிப்பு அறிவிக்கும் முன் பார்களை ஆய்வு செய்வார்கள். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, அதில் கிடைக்கிற முத்தின் மதிப்பைப் பார்த்து, தேறும் என்றால் மட்டுமே அறிவிப்பு. படகுகளும் வியாபாரிகளும் வந்து கூடாரம் போட்ட பிறகு "சிப்பி இல்லை" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். கோடிலும் அதையே செய்யுங்க. தோற்கக்கூடிய வேலையை ஒரு ஸ்டாட்டிக் ஃபேக்டரி மெத்தடில் முதலில் முடியுங்க: ஃபைல் திறக்குதா, மதிப்புகள் சரியா. எல்லாம் தேறிய பிறகு கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடுங்க. அதன் வேலை, வந்த மதிப்புகளை எடுத்து வைப்பது மட்டும்.

பழைய கோடு, புதிய ராக்கெட்

இதெல்லாம் கம்பைலர் சண்டை மட்டும்தானே என்று நினைத்தால், 1996 ஜூன் 4-ஐப் பாருங்க. பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். அதன் திசையறி கருவியின் மென்பொருள் ஏரியான் 4-லிருந்து எடுத்தது. பக்கவாட்டு வேகம் சம்பந்தப்பட்ட ஒரு 64 பிட் எண்ணை, 16 பிட் முழு எண்ணாக மாற்றுகிற இடத்தில் பாதுகாப்பு இல்லை. ஏரியான் 4-ன் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாகாது. ஏரியான் 5 அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் போகிற ராக்கெட். எண் கொள்ளவில்லை, எக்ஸெப்ஷன் வந்தது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள்தான், அதுவும் அதே காரணத்தால் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது.

நம் கேள்விக்கு நேராக வருகிற இடம் இதுதான். நின்றுபோன கருவி, தன் கோளாறு விவரத்தை அனுப்பியது. முதன்மைக் கணினி அதைக் கோளாறு என்று படிக்கவில்லை, பறப்புத் தகவல் என்று படித்தது. அதை நம்பி முனைகளை முழுதாகத் திருப்பியது. புறப்பட்டு 40 விநாடிக்குள் ராக்கெட் சிதறியது, நான்கு க்ளஸ்டர் செயற்கைக்கோள்களோடு. கயிறு ஆடியது, மேலே இருந்தவர் அதை அலை என்று நினைத்தார்.

குலசேகரப்பட்டினம்

இனி நம் கரைக்கு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போகணும், அதற்கு எரிபொருள் செலவாகும். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே கடல்தான். சிறிய ராக்கெட்டுக்கு இந்தச் சேமிப்பு பெரிய விஷயம். அங்கிருந்து போகப்போவது முக்கியமாக எஸ்.எஸ்.எல்.வி.

அந்த எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம் 2022 ஆகஸ்ட் 7-ல், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. இரண்டாம் நிலை பிரியும்போது சிறிது நேரம் ஓர் அதிர்வு. முடுக்கமானிகள் அந்த அதிர்வில் திணறின. கோளாறு கண்டுபிடிக்கும் மென்பொருள், சென்சார்கள் பழுது என்று முடிவு கட்டியது. ராக்கெட் மீட்பு முறைக்கு மாறியது. மோட்டார்கள் எரிந்தன, செயற்கைக்கோள்களும் பிரிந்தன. ஆனால் 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதிலாக, 356-க்கு 76 என்ற நீள்வட்டப் பாதை. 76 கிலோமீட்டர் என்பது வளிமண்டலம் இழுத்துவிடும் உயரம். இஓஎஸ்-02, ஆசாதிசாட் இரண்டும் பயன்படாமல் போயின. ஆசாதிசாட், நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்கெடுத்துச் செய்தது.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கு. ஒன்று, எதை எக்ஸெப்ஷன் என்று அறிவிப்பது? ஒரு நொடிக்கும் குறைவான தடுமாற்றமும் நிரந்தரப் பழுதும் ஒன்றல்ல. நெட்வொர்க் ஒருமுறை திணறியதும் "சர்வர் செத்துவிட்டது" என்று வீசுகிற கோடும் இதே தவறைத்தான் செய்கிறது. இரண்டாவது, பிடித்த பிறகு போகிற வழி, பழைய வாக்குறுதியை நிறைவேற்றுமா? கேட்ச் பிளாக் ஓடியது என்பதாலேயே வேலை முடிந்ததாகாது. அதன் முடிவும் அதே சுற்றுப்பாதைக்குப் போகணும்.

இஸ்ரோ பிரிப்பு அமைப்பையும் கோளாறு கண்டறியும் தர்க்கத்தையும் திருத்தியது. 2023 பிப்ரவரி 10-ல் இரண்டாவது பயணம் வெற்றி. அதில் ஆசாதிசாட்-2 போய்ச் சேர்ந்தது.

கையில் எடுத்துப்போக

அடுத்த முறை கோடு ரிவ்யூவில் த்ரோஸ் என்ற வார்த்தையைப் பார்த்தால் நான்கு கேள்விகள் கேளுங்க. இதைக் கூப்பிடுகிறவருக்கு என் பெயர் தெரியுமா, என் தாயின் பெயர் மட்டும் தெரியுமா? நான் அனுப்புகிற சைகை அவருக்குப் புரியுமா? நான் பாதியில் தோற்றால், திறந்ததை யார் மூடுவார்கள்? பிடித்த பிறகு போகிற வழி, சொன்ன இடத்தில் கொண்டுபோய் விடுமா?

முதல் கேள்விக்குப் பதில் "தாய் பெயர் மட்டும்" என்றால் ஓவர்ரைடு விதி. "என் பெயரே தெரியும்" என்றால் கன்ஸ்ட்ரக்டர் விதி. இனி இன்டர்வியூவில் இரண்டும் மாறிப்போகாது.

உங்கள் டீமில் காலியாக விட்ட கேட்ச் பிளாக் ஒன்றாவது இருக்கும். இந்த வாரம் அதைத் தேடிப் பிடித்து, உள்ளே ஒரு வரியாவது எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.